சொல் நீங்கிய பாடல்: கிளிங்காவின் இசைப்பாவும் கிரொன்ஸ்டாட் வாத்தியக்குழுவும்

ருஷ்ய நாட்டார் 'றொமான்ஸ்' என்று வழங்கும் இசைப்பா, அறைக்குள் வாழப் பிறந்த கலை. ஒருவர் பாடுவார், ஒருவர் பியானோவிலோ கிற்றாரிலோ துணை செய்வார், கேட்போர் பத்துப் பேர் இருந்தால் அதுவே பெருங்கூட்டம் எனப்படும். பெயர் பிரெஞ்சு மொழி வழியே வந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரபுக்களின் இல்லங்களிலே வேரூன்றி, 19ஆம் நூற்றாண்டிலே கற்றோர் அனைவர்க்கும் பொதுவாகிய இவ்வகைப் பாடலில், பாடுபவர் யாரோ ஒருவரை முன்னிலைப்படுத்தியே பாடுவார். காதலியோ, பிரிந்த நண்பனோ, வானத்து விண்மீனோ, கேட்பது ஒருவர், சொல்வது ஒருவர். மற்றவர்கள் அவ்வுரையாடலை ஒட்டுக் கேட்பவர்களே. இத்தகைய பாடலை எடுத்து, நரம்புக் கருவி ஒன்றேனும் இல்லாத, மரக்குழல்களும் பித்தளைக் குழல்களும் முரசுகளும் நிறைந்த இராணுவ வாத்தியக்குழுவின் கையிற் கொடுத்தால் என்ன நேரும்?

இவ்வினாவுக்கு விடை தேடுவதற்கு ஏற்றதொரு நூற்பொருள் நமக்கு வாய்த்திருக்கிறது. மிகயீல் கிளிங்கா 1827இல், அந்தோன் டெல்விக்கின் கவிதைக்கு மெட்டமைத்த ஓர் இசைப்பாவை எடுத்து, நிக்கொலாய் றிம்ஸ்கி-கோர்சாக்கோவ் 1878இல் ஓபோ என்னும் குழலுக்கும் இராணுவ வாத்தியக்குழுவுக்குமாக விரித்தெழுதிய உருவேறுபாட்டுத் தொடரே அது. ஜி மைனரில் அமைந்தது. இசைத்து முடிக்க ஏறத்தாழப் பத்து நிமிடம் பிடிக்கும். றிம்ஸ்கி-கோர்சாக்கோவைப் பற்றி எழுதுவோர் பலர் இதனை ஒரு வரியிலே கூறிவிட்டு, 'ஷெகரஸாத்' போன்ற பெரும் படைப்புகளுக்கு விரைந்து சென்றுவிடுவர். விரைவது நியாயமே. எனினும், சொல்லோடு பிறந்த பாடல் சொல்லை இழந்தபின் எதனால் உயிர்வாழ்கிறது என்று அறிய விரும்புவோருக்கு இச்சிறு படைப்பு பெரிய படைப்புகளினும் மிகுதியாகப் பயன்படும்.

முதலிற் கவிதையை நோக்குவோம். டெல்விக் (1798–1831) புஷ்கினின் பள்ளித் தோழர். நாட்டார் பாடலின் சாயலிலே கற்றோர் இயற்றிய 'ருஷ்யப் பாடல்' என்னும் வகையில் அவர் பெயர் பெற்றவர். இக்கவிதையில் ஓர் இளைஞன், தலையைக் கையிலே சாய்த்து அழுதுகொண்டிருக்கும் அழகியை நோக்கி, ஏன் அழுகிறாய் என்று கேட்கிறான். தன் சொல்லாலோ பார்வையாலோ அவள் மனம் நொந்ததா? பிறர் முன்னிலையில் நாணுமாறு ஏதேனும் பேசிவிட்டானா? அன்று, வேறேதோ துயரம் அவள் நெஞ்சிற் கிடக்கிறது. தீயோர் எவரேனும் தங்கள் பேச்சைக் கேட்டனரோ? அவள் விரலில் உள்ள மோதிரம் யாருடையது, அவள் சூடிய நாடா யாருடையது என்று பெற்றோரிடம் வினவினரோ? இப்படி வினாவின்மேல் வினாவாக அடுக்கிச் சென்று, அத்துயரைத் தன் நெஞ்சிலும் ஊற்றிவிடுமாறு இரக்கிறான். இருவர் சுமந்தால் இலேசாகும் என்கிறான்.

இங்கே கருதத்தக்கது, அவள் ஒரு சொல்லேனும் விடை கூறுவதில்லை என்பதே. கவிதை முழுவதும் வினா. விடையின் இடத்தில் மௌனம். இளைஞனின் வினாக்கள் படிப்படியாக வெளியிலிருந்து உள்ளே செல்கின்றன. தன் பிழையில் தொடங்கி, ஊரார் பழியைத் தொட்டு, இறுதியில் அவள் நெஞ்சின் வாயிலில் வந்து நிற்கின்றன. படித்துப் பார்ப்பவர்க்கு எளிய பாடலாகத் தோன்றும் இதில், மெல்ல மெல்ல நெருங்கும் இவ்வியக்கமே உயிர்நாடி.

இதற்கு மெட்டமைத்தபோது கிளிங்கா இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இளைஞர். பீற்றர்ஸ்பேர்க்கில் நெடுஞ்சாலைத் திணைக்களத்தில் உத்தியோகம். மாலைவேளைகளில் நண்பர் இல்லங்களிற் பாட்டு. 'ருஷ்ய இசையின் தந்தை' என்று பின்னாளில் அவரை அழைக்கச் செய்த நாடக இசைகள் எவையும் அப்போது எழுதப்பட்டிலை. ஆயினும் அவரிடம் ஒரு பாடகரின் செவி இருந்தது. சிறந்த குரல் வளம் இல்லாதிருந்தும் கேட்டோரை உருக்குமாறு பாடவல்லவர் என்பதை அவர் காலத்தவர் குறித்துள்ளனர். இத்தகைய பாடல்களிற் பெரும்பாலும் கவிதையின் பத்திகள் மாறினும் மெட்டு மாறாது. அதே மெட்டு மீண்டும் மீண்டும் வரும். அதன்மேல் ஏறிவரும் சொல் மட்டும் வேறாகும். மெட்டிலே எழுதப்படாத வேறுபாட்டைப் பாடுபவர் தம் குரலால் உண்டாக்க வேண்டும். முதற் பத்தியில் வியப்பாக ஒலித்த அதே சுரம் மூன்றாம் பத்தியில் அச்சமாக ஒலிக்கும். ஓர் அசையைச் சற்றே நீட்டுவதும், ஒரு சொல்லுக்கு முன்னே மூச்சைப் பிடித்து நிற்பதும், தாளத்தை அரை நொடி தாமதிக்கச் செய்வதும் இப்பாடல்வகையின் உண்மையான அணிகள். அச்சிட்ட தாளில் அவை காணப்படமாட்டா.

இனி 51 ஆண்டுகளைத் தாண்டிக் கிரொன்ஸ்டாட்டுக்குச் செல்வோம். பீற்றர்ஸ்பேர்க்கிற்கு மேற்கே, பின்லாந்து வளைகுடாவிற் கொத்லின் என்னும் தீவில் அமைந்த கடற்படைத் துறைமுகம் அது. கடற்படை மாணவனாக வளர்ந்து, 1862 முதல் 1865 வரை 'அல்மாஸ்' என்னும் கப்பலிற் பயணம் செய்த றிம்ஸ்கி-கோர்சாக்கோவ், 1871இல் பீற்றர்ஸ்பேர்க் இசைக் கல்லூரியிற் பேராசிரியரானார். 1873இல் கடற்படைச் சேவையிலிருந்து விலகியபோது, கடற்படை வாத்தியக்குழுக்களின் மேற்பார்வையாளர் என்னும் பதவி அவருக்கெனவே உண்டாக்கப்பட்டது. 1884இல் அப்பதவி ஒழிக்கப்படும்வரை அவர் அதில் இருந்தார். துறைமுகங்கள்தோறும் சென்று வாத்தியக்காரரைப் பரீட்சிப்பதும், கருவிகளின் நிலையைப் பார்ப்பதும், இசைப்பதற்குரிய உருப்படிகளைத் திருத்துவதும் அவர் கடமை. 1874இல் கருங்கடற் பக்கத்து நிக்கொலாயெவ் வரை அதன் பொருட்டுச் சென்றிருக்கிறார்.

அவர் அப்பதவியை அலங்காரமாகக் கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. குழல்களைத் தாமே கையில் எடுத்து, விரல் வைக்கும் முறையைப் பயின்றார். ஒரு சுரத்தை எந்தக் குழல் எளிதில் தரும், எது முக்கித் தரும் என்பதைத் தம் வாயாலும் விரலாலும் அறிந்துகொண்டார். கருவியிசை அமைப்பிற் பின்னாளில் அவர் அடைந்த வெற்றிக்கு அடிப்படை நூலறிவு மட்டுமன்று. அச்சில நாள் விரற்பயிற்சியும் ஆகும். மெண்டெல்சோன், வாக்னர் முதலியோரின் படைப்புகள் சிலவற்றைக் குழுவுக்கு ஏற்ப அவர் மாற்றியமைத்ததும் இக்காலத்திலேயே. அத்துடன், கிரொன்ஸ்டாட்டிற் கடற்படைக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய கச்சேரிகளுக்கென மூன்று தனிக்கருவி உருப்படிகளை எழுதினார். 1877இல் திரொம்போனுக்கு ஒன்று. 1878இல் ஓபோவுக்கு இப்போது நாம் ஆராய்வது. அதே ஆண்டிற் கிளாரினெற்றுக்கு இன்னொன்று. வழக்கமாகக் கேட்டுச் சலித்த உருப்படிகளுக்கு மாற்றாகப் புதியன கொடுக்கவும், தனிக்கருவியும் குழுவும் மாறி மாறி இயங்கும் வித்தக நடையைத் தாமே பழகிக்கொள்ளவும் இவற்றை எழுதியதாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றிற் கூறியுள்ளார். நோக்கம் இரண்டும் நேர்மையானவை. ஆனால் கிளிங்காவின் பாடலுக்குச் செய்யவேண்டிய கடன் என்ன என்பது அவ்விரண்டிலும் இடம்பெறவில்லை. இப்படைப்பின் சிறப்புக்கும் குறைக்கும் இதுவே காரணம் என்பது நமது கருத்து.

கிளிங்காவின் பாடல் தற்செயலாக அவர் கைக்கு வந்ததன்று. 1870களின் பிற்பகுதியிற் பலாக்கிரெவ், லியாதொவ் ஆகியோருடன் சேர்ந்து கிளிங்காவின் நாடக இசை ஏடுகளைப் பதிப்பிக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். அதற்கு முன் சில ஆண்டுகள் நுட்ப இலக்கணப் பயிற்சியில் மூழ்கி, வரட்சியாக எழுதுகிறார் என்று நண்பர்களே குறைகூறும் நிலையில் இருந்தவர் அவர். கிளிங்காவின் ஏடுகளை வரிவரியாகப் பார்த்தபோது, குறைந்த பொருளைக்கொண்டு நிறைந்த ஒலியை உண்டாக்கும் எளிமை அவரைத் தொட்டது. 1878இல் தொடங்கிய 'மே மாத இரவு' என்னும் நாடக இசையில் அந்த எளிமை வெளிப்படுகிறது. அந்த மாற்றத்தின் வாயிலிலேதான் இந்த ஓபோ உருப்படி நிற்கிறது.

பாடலைச் சொல்லின்றிக் குழுவுக்கு ஆக்குவோர் வழக்கமாகச் செய்வது என்ன? அன்றும் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றும் வழி ஒன்றுண்டு. மெட்டை முதலில் ஒரு குழல் மெல்ல இசைக்கும். இரண்டாம் முறை பல குழல்கள் சேர்ந்திசைக்கும். மூன்றாம் முறை பித்தளைக் குழல்கள் அனைத்தும் முழங்க, முரசு அதிர, தாலம் மோத, அழுதுகொண்டிருந்த பெண் பட்டாளத்தின் நடுவே நிறுத்தப்படுவாள். மெட்டுக்கு வேண்டிய மாறுதலைச் சொல் தந்துகொண்டிருந்தது. சொல் போனபின் அம்மாறுதலை ஒலியின் அளவு தரும் என்று நம்புவதே இவ்வழியின் பிழை. சத்தம் ஏறுவது கருத்து ஏறுவதாகாது. மேடையிற் கைதட்டலைப் பெறுவதற்கு இது மிக எளிய உபாயமாதலின், இதனைக் கைவிடுமாறு குழுத்தலைவர்களை வேண்டுவதிற் பயனில்லை.

றிம்ஸ்கி-கோர்சாக்கோவ் கொண்டது வேறு வழி. மேனாட்டார் 'வேரியேஷன்' என்று கூறும் உருவேறுபாட்டு முறை அது. மெட்டை ஒருமுறை நேராகக் கூறிவிட்டு, பிறகு அதன் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, மேலே தசையையும் ஆடையையும் ஒவ்வொரு முறையும் வேறாக்குவது. நமது கீர்த்தனத்தில் ஒரு வரிக்குச் சங்கதிகள் அடுக்குவதை ஓரளவு இதற்கு ஒப்பிடலாம். ஆனால், சங்கதியிற் சொல் அப்படியே நிற்கச் சுரக்கோவை விரியும். இங்கோ நிற்கும் சொல் ஏதுமில்லை. பாடலில் மெட்டு நிற்கச் சொல் மாறியது. உருவேறுபாட்டிற் சொல் நீங்க மெட்டு மாறுகிறது. ஆகவே, பத்திதோறும் மெட்டு மாறாத பாடலைக் கருவிக்கு ஆக்குவதற்கு உருவேறுபாட்டைத் தேர்ந்தது மிகப் பொருத்தமான தேர்வு. ஒவ்வோர் உருவையும் சொல்லில்லாத ஒரு பத்தி எனக் கொள்ளலாம். சத்தத்தைக் கூட்டி ஏமாற்றாமல், மெட்டையே சிந்திக்க வைப்பது அம்முறை.

அடுத்த தேர்வு கருவி. வாத்தியக்குழுவின் மெட்டுகளைச் சுமப்பவை வழக்கமாகக் கோர்னெற்றும் கிளாரினெற்றும். அவற்றை விடுத்து ஓபோவை முன்னிறுத்தினார். ஓபோ, நமது நாதசுரத்துக்குத் தூரத்து உறவினன். இரண்டுக்கும் வாயில் இரட்டைச் சீவாளி. இரண்டின் துளையும் மேலிருந்து கீழே விரிந்து செல்லும். நாதசுரம் திறந்த வெளிக்கெனக் கம்பீரமாக வளர்ந்தது. ஓபோவோ அரங்கினுள்ளே மெலிந்து, சாவிகள் பல பெற்று, குரல் ஒடுங்கியது. குரல் ஒடுங்கினும் சீவாளிக்குரிய அந்த நெஞ்சை அறுக்கும் கூர்மை போகவில்லை. மைனரில் ஓபோவுக்கு இரங்கத்தக்க சோகம் இயல்பு என்று கோர்சாக்கோவே தம் கருவியிசை இலக்கணத்திற் குறிப்பார். நாதசுர வித்துவான் கீர்த்தனம் வாசிக்கும்போது சொல்லறிந்த இரசிகருக்குச் சொல் கேட்பதுபோல், கிளிங்காவின் பாடலை அறிந்தவர்க்கு இங்கும் அந்த முதல் வினா கேட்கும். அறியாதவர்க்கோ, யாரோ எதையோ கேட்கிறார் என்னும் அளவு கேட்கும். அதுவே போதும்.

ஓபோவின் மூச்சைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அதன் சீவாளியின் வாய் மிக ஒடுக்கம். காற்றுச் சிறிதளவே உட்செல்லும். பிற குழல்களை இசைப்போர் மூச்சுப் போதாமல் இடர்ப்படுவர். ஓபோக்காரரோ செலவாகாத மூச்சு நெஞ்சிலே தேங்குவதால் இடர்ப்படுவார். நீண்ட வாக்கியத்தை இடையறாமல் இசைக்க இது உதவும். ஆனால் அவ்வாக்கியத்தின் முடிவில் ஒரு நெருக்கம், அடக்கிவைத்த ஒன்று வெளிப்படத் துடிக்கும் நிலை, கேட்போர்க்கும் புலப்படும். சொல்லாமல் அடக்கிய துயரைப் பொருளாகக் கொண்ட கவிதைக்கு இதனினும் ஏற்ற உடற்கூறு உடைய கருவி வேறொன்று கிடைப்பது அரிது. கோர்சாக்கோவ் இதை எண்ணித் தேர்ந்தாரா, ஓபோவுக்கும் ஓர் உருப்படி வேண்டும் என்று தேர்ந்தாரா என்பது நமக்கு முக்கியமன்று. கலையில் நற்பேறும் கணக்கிற் சேரும்.

இனி, ஓபோ யாருடைய குரல்? பாடலில் ஐயமில்லை, கேட்பவன் இளைஞன். கருவிக்கு வந்தபின் அந்த உறுதி தளர்கிறது. மெட்டை ஓபோ முதலில் நேராக இசைக்கும்போது அது இளைஞனின் வினாவாகவே ஒலிக்கிறது. ஆனால், அதே குரல் உருமாறிக்கொண்டே செல்லும்போது, சிறு சுரங்களாக உடைந்தும் விம்மியும் வரும் இடங்களிற் கேட்பவன் யார், அழுபவள் யார் என்று பிரித்தறிய இயலாது போகிறது. கவிதையில் வாய்திறவாத பெண்ணுக்கு இங்கே வாய் கிடைத்துவிடுகிறது. சொல்லில்லாமையால் விளைந்த ஆதாயம் இது. சொல்லுள்ள பாடல் ஒருபோதும் செய்யமுடியாததைச் சொல்லற்ற பாடல் செய்கிறது. மூலத்தின் நிழலே மாற்றமைப்பு, ஆதலின் அதற்குத் தனி மதிப்பில்லை என்று கூறுவோர் இவ்விடத்தைக் காணத் தவறுகின்றனர்.

குழுவின் நிலையும் அவ்வாறே. தனிக்குழலுக்குப் பின்னே ஒரு படை நிற்கிறது. அது அடங்கி ஒலிக்கும்வரை பியானோவின் தொழிலைச் செய்யும். முழுதாக எழுந்து ஒலிக்கும்போது, கவிதையிற் பெயரின்றி வரும் ஊராரை நினைவூட்டும். மோதிரத்தைப் பற்றியும் நாடாவைப் பற்றியும் விசாரிக்கும் அந்த ஊர், அறைப்பாடலில் இளைஞனின் வாய்ச்சொல்லாக மட்டுமே இருந்தது. இங்கே அது உண்மையாகவே வந்து நிற்கிறது. இசைப்புலவர் இவ்வாறு கருதி எழுதினார் என்று நாம் கூறவில்லை. தனிக்கருவியும் குழுவும் மாறிமாறி வரவேண்டும் என்னும் மரபையே அவர் பின்பற்றினார். எனினும், கவிதையை மனத்திற் கொண்டு கேட்பவர்க்கு அம்மரபே பொருளாகிவிடுகிறது. ஒருவரின் மெல்லிய குரலும் பலரின் தடித்த குரலும் எதிரெதிர் நிற்கும் இக்காட்சியைப் பியானோவைத் துணைக்கொண்ட எந்தப் பாடகராலும் நம் கண்முன் நிறுத்த முடியாது.

இனிக் குறைக்கு வருவோம். உருவேறுபாட்டு முறையில் ஒரு பழைய நோய் உண்டு. உரு ஏற ஏறச் சுரங்கள் பொடியாகி, விரலின் வேகம் மிகுந்து, இறுதியில் வித்தகனின் வெற்றி விழாவாக முடிவது. இப்படைப்பும் அந்நோய்க்குத் தப்பவில்லை. வித்தக நடையைப் பழகுவதற்கென எழுதியதாக ஆசிரியரே கூறியிருக்கையில் தப்பும் என எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் கவிதையின் இயக்கம் இதற்கு நேர்மாறானது. டெல்விக்கின் இளைஞன் கேட்கக் கேட்க அவன் குரல் தாழ்ந்திருக்க வேண்டும்; நெருங்கி வந்து காதிற் கேட்கும் வினாவை ஓடிக்கொண்டே கேட்க இயலாது. இசையோ நெருங்குவதற்குப் பதிலாக விலகி மேடையின் நடுவுக்குச் செல்கிறது. ஓபோக்காரரின் விரல்களை வியக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அழுதவளை மறந்துவிடுகிறோம்.

இக்கூற்றுக்குச் சான்றாக வேறு சில படைப்புகளை ஒப்பு நோக்கலாம். டெல்விக்கின் இன்னொரு கவிதைக்கு அலியாபியெவ் அமைத்த 'இராக்குயில்' என்னும் புகழ்பெற்ற பாடலைக் கிளிங்கா 1833இல் பியானோவுக்கு உருவேறுபாடுகளாக எழுதினார். லிஸ்ற்றும் அப்பாடலைப் பியானோவுக்கு ஆக்கினார். கிளிங்காவின் 1840ஆம் ஆண்டுப் பாடலாகிய 'வானம்பாடி'யைப் பலாக்கிரெவ் 1860களிற் பியானோவுக்கு மாற்றியமைத்தார். இவற்றிலும் பொடிச் சுரங்கள் உண்டு. நடுக்கங்களும் பாய்ச்சல்களும் உண்டு. அவை நம்மை உறுத்துவதில்லை. காரணம் வெளிப்படை, அங்கே பாடுபொருள் பறவை. பறவைக்கு அணி இயற்கை. கவிதையே சுரக்கோவைக்கு உரிமை கொடுத்துவிடுகிறது. அழும் பெண் அவ்வுரிமையைக் கொடுக்கவில்லை. எந்தப் பாடலை உருவேறுபாட்டுக்கு எடுக்கலாம், எதை எடுத்தால் எவ்வளவில் நிறுத்தவேண்டும் என்பதை மெட்டின் வாய்ப்பை மட்டும் நோக்கி முடிவு செய்யலாகாது. மெட்டு இடங்கொடுத்தாலும் பாடுபொருள் மறுக்கக்கூடும்.

ஒரு மறுப்பு இங்கே எழும். சொற்களை முற்றிலும் துறந்துவிட்ட கருவியிசையைச் சொற்களின் அளவுகோலால் அளப்பது எப்படி? மெட்டுச் சொல்லுக்கு அடிமையா? இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ருஷ்ய நாட்டிலேயே எதிர்த்திசையிற் சென்ற மெட்டுகளும் உள்ளன. உலகெங்கும் பாடப்பெறும் 'கருவிழிகள்' என்ற பாடலின் சொற்கள் உக்ரேனியக் கவிஞர் ஹிரெபின்கா 1843இல் வெளியிட்டவை. இன்று அதனோடு இணைந்த மெட்டோ ஃபுளோரியன் ஹெர்மன் என்பாரின் வால்ஸ் ஆட்ட இசை. தனித்தனியே பிறந்த அவ்விரண்டும் 1884இல் அச்சேறிய பதிப்பிலேதான் ஒன்றாயின. 'மஞ்சூரியக் குன்றுகளின்மேல்' என்னும் வால்ஸ் முதலிலேயே இராணுவ வாத்தியக்குழுவின் இசை. ருஷ்ய–ஜப்பானியப் போரில் முக்டென் போர்க்களத்தைக் கண்ட படைப்பிரிவொன்றின் குழுத்தலைவர் இலியா ஷத்ரொவ், மாண்டவர் நினைவாக 1906இல் அமைத்தது. சொற்கள் பின்னரே வந்து ஒட்டிக்கொண்டன. இவற்றைக் குழு இசைக்கும்போது எதுவும் இழக்கப்படுவதில்லை. பிறந்த வீட்டுக்கே அவை திரும்புகின்றன.

ஆனால் கிளிங்காவின் மெட்டு அப்படிப்பட்டதன்று. அது அந்தக் கவிதைக்காக, அதன் அசையின் அளவிலே, ஒரு பாடகரின் மூச்சைக் கருதி வெட்டியெடுக்கப்பட்டது. சொல்லை நீக்கினாலும் சொல் இருந்த பள்ளம் மெட்டிலே எஞ்சி நிற்கும். வினாக்குறி போன அந்த வளைவு போகாது. ஆதலால், இவ்வகை மெட்டை எடுப்பவர் அப்பள்ளத்தை அறிந்து நடக்கவேண்டும் என்று கேட்பது மெட்டைச் சொல்லுக்கு அடிமையாக்குவதன்று. துணியை வெட்டுபவன் இழையோட்டத்தை நோக்குவது போன்றதே அது.

குழு வாய்மூடித் தனிக்கருவி தாளக்கட்டின்றி உலாவும் 'கடென்சா' என்னும் பகுதியைப் பற்றி மட்டும் சற்று வேறாகச் சொல்லவேண்டும். வித்தகக் காட்சிக்கென ஏற்பட்ட இடமே அது. பலர் அதனை வெறும் பகட்டு என்று தள்ளுவர். ஆனால் இந்த உருப்படியிற் பாடகரின் சுதந்திரம் ஓபோவுக்குத் திரும்பக் கிடைக்கும் இடம் அதுவே. பெருங்குழு ஒன்று ஒரே கோலின் அசைவுக்கு நடக்கும்போது, சொல்லுக்கு முன் நிற்பதும் அசையை நீட்டுவதும் எளிதல்ல. நாற்பது பேர் சேர்ந்து தயங்க முடியாது. குழு மௌனமானதும் ஓபோக்காரர் தயங்கலாம், மூச்சைப் பிடிக்கலாம், ஒரு சுரத்தை மறக்கமாட்டாதவர்போல் மீண்டும் தொடலாம். விரைந்தோடும் உருக்கள் அழித்துவிட்ட அந்தரங்கத்தை இவ்விடத்தில் மீட்கலாம். மீட்பதும் விடுவதும் இசைப்பவர் கையில் உள்ளது. வேகத்தைக் காட்டும் பந்தயமாக இதனை இசைப்போர் உளர். மெதுவாக, தமக்குத்தாமே பேசுவதுபோல் இசைப்போர் சிலரும் உளர். பின்னவர் கையிலேயே இப்படைப்புப் பிழைக்கிறது.

கிரொன்ஸ்டாட் கச்சேரிகளில் ஓபோ உருப்படியும் திரொம்போன் உருப்படியும் நல்ல வரவேற்புப் பெற்றன. கிளாரினெற் உருப்படியை மட்டும் ஒத்திகையிற் கேட்டபின், துணையிசை கனத்துவிட்டது என்று அதிருப்தியுற்று, கோர்சாக்கோவ் மேடையேற்றாமல் ஒதுக்கிவிட்டார். மூன்றில் ஒன்றைத் தாமே விலக்கிய இச்செயல் அவருடைய திறனாய்வுக் கூர்மையைக் காட்டுகிறது. ஒரு மென்குரலின் பின்னே ஒரு படையை நிறுத்தினால் அந்தப் படை எப்போது மூச்சடக்க வேண்டும் என்பதே இப்பணியின் முழு இரகசியம் என்பதை அவர் செவி உணர்ந்திருக்கிறது. 1887இல் எழுதிய ஸ்பானியக் கப்ரிச்சியோவிலும் 1888இன் ஷெகரஸாத்திலும், தனித்தனிக் குழல்கள் எழுந்து தம் கதையைச் சொல்லி அமரும் இடங்களிற் பெருங்குழு எத்துணை அடக்கமாகக் காத்திருக்கிறது என்பதைக் கேட்போர், அதற்கான பயிற்சி எங்கே தொடங்கியது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வுருப்படிகள் ஆசிரியர் மறைந்து நெடுங்காலத்தின் பின், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சோவியத் பதிப்பாக வெளிவந்தன. அதன்பின் ஓபோ மாணவர்களுக்கு இது விருப்பமான பாடமாயிற்று. ஆனால் அவர்கள் பெரும்பாலும் இதனைப் பியானோத் துணையுடனேயே இசைக்கின்றனர். குழுவைக் கூட்டுவது செலவும் சிரமமும் ஆதலின் இது இயல்பே. எனினும் அப்போது விளைவது ஒரு விந்தை. அறையிலிருந்து துறைமுகத்துக்குச் சென்ற பாடல் மீண்டும் அறைக்கே வந்துவிடுகிறது; சொல்லும் இல்லை, ஊராரும் இல்லை. பியானோவுக்கு மூச்சில்லை, தட்டிய சுரம் தட்டிய கணமே தேயத் தொடங்கும். வாத்தியக்குழுவிலோ துணை செய்யும் ஒவ்வொரு கருவியும் ஒரு மனிதரின் நெஞ்சிலிருந்து எழுவது; ஓபோ மூச்செடுக்கும் இடத்தில் அவர்களும் மூச்செடுக்கிறார்கள். குழுவைக் கொண்டு இதனை மேடையேற்ற முன்வருவோர் ஒன்று செய்யலாம். ஓபோ பாடும் இடங்களிற் கிளாரினெற் வரிசையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரை மட்டும் நிறுத்தி, ஏனையோரைக் குழு முழுதும் எழும் இடங்களுக்கென விட்டுவைத்தால், ஓபோக்காரர் தம் குரலை உயர்த்தவேண்டிய தேவை நீங்கும்.